பேட்டரி வீல்சேரோடு திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி: எதையெல்லாம் முன்கூட்டியே முடித்துவைக்க வேண்டும்?

குழித்துறைப் பாலம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்குத் தண்டுவடக் காயம், டி4 மட்டம், அதாவது மார்புப் பகுதியின் நாலாவது முதுகெலும்பு. மார்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. கைகள் நல்ல பலம். அடுத்த மாதம் வேலை விஷயமாக டெல்லி போகவேண்டும். மார்த்தாண்டத்திலிருந்து காரில் திருவனந்தபுரம், அங்கிருந்து நேரடி விமானம். துணைக்கு நான்.

வீல்சேர் மடக்குகிற வகை, பேட்டரியோடு 27 கிலோ. லித்தியம் பேட்டரி ஒன்று, கழற்றலாம். மேலே "24 வோல்ட் 12 ஏ.ஹெச்." என்று மட்டும் போட்டிருக்கிறது. கஸ்டமர் கேரில் ஒருவர் "பேட்டரியே கூடாது" என்றார். அடுத்த நாள் இன்னொருவர் "வண்டியிலேயே விட்டுவிடுங்கள், கீழே போட்டுவிடுவோம்" என்றார். எது சரி? டாக்டர் சர்டிபிகேட் வேண்டுமா? சீட் எது கேட்பது? மூணேகால் மணி நேரம் உட்காருவதற்கு என்ன ஏற்பாடு? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சார்ஜர் அண்ணாச்சி எழுதியது:

இரண்டு பேர் சொன்னதும் தப்பு. மடக்குகிற வண்டியில் கழற்றும்படி செய்த லித்தியம் பேட்டரி இருந்தால் அதைக் கழற்றி, கையோடு கேபினுக்குள் கொண்டுபோக வேண்டும். வண்டி மட்டும் கீழே சரக்கு அறைக்குப் போகும். லித்தியம் தீப்பிடித்தால் கேபினில் ஆள் இருக்கிறார், அணைக்கலாம். கீழே யார் இருக்கிறார்கள்? காரணம் அவ்வளவுதான்.

அளவுக்கு வருவோம். கணக்கு வாட்-ஹவரில், அதாவது பேட்டரியில் அடங்கும் மின்சக்தியின் அளவில். வோல்ட்டை ஏ.ஹெச்.சால் (ஆம்பியர்-ஹவர்) பெருக்குங்கள். வண்டியில் பேட்டரி ஒன்று என்றால் 300 வாட்-ஹவர் வரை. இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160 வரை. உபரியாகக் கொண்டுபோவதற்கும் அதே அளவுதான்: 300க்குள் ஒன்று, அல்லது 160க்குள் இரண்டு. இது ஐயாட்டாவின் (உலக விமான நிறுவனங்களின் சங்கம்) ஆபத்தான பொருள் விதிப்புத்தகத்தில் 2.3.ஏ அட்டவணையில் இருக்கிறது. விமான நிறுவனத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

உங்கள் பேட்டரி 24 × 12 = 288, பாஸ் என்று நினைத்துவிடாதீர்கள். 24 என்பது பேச்சு வழக்குக்குப் போடுகிற எண். உள்ளே லித்தியம் அயான் செல் ஏழு வரிசையாக இருந்தால் உண்மையான வோல்ட் 25.9. அப்போது 310.8. லித்தியம் பாஸ்பேட் செல் எட்டு என்றால் 25.6, அதாவது 307.2. இரண்டுமே 300ஐத் தாண்டிவிடும். பேட்டரியைக் கழற்றி அடிப்பக்கமும் பின்பக்கமும் பாருங்கள், சின்ன எழுத்தில் இன்னொரு ஸ்டிக்கர் இருக்கும். கவுண்டரில் அதைத்தான் படிப்பார்கள். எங்கேயும் வாட்-ஹவர் அச்சிடவில்லை என்றால் தயாரித்த கம்பெனியிடம் கடிதமும் யு.என். 38.3 என்ற லித்தியம் பேட்டரிப் பாதுகாப்புச் சோதனையின் சுருக்கமும் கேட்டு வாங்குங்கள். விற்ற கடைக்காரர் லெட்டர்பேடில் எழுதிக் கொடுப்பதை யாரும் மதிப்பதில்லை.

பேட்டரியைக் கழற்றியதும் முனைகளில் மின்காப்பு நாடா ஒட்டி, தனித்தனிப் பையில் போட்டு, கைப்பெட்டியின் மேலாக வையுங்கள். சாவிக்கொத்து, சில்லறைக் காசோடு ஒரே பையில் வேண்டாம். சார்ஜரும் கையோடுதான். சில பேட்டரிகள் வெகுநேரம் கழற்றி வைத்தால் தூங்கிவிடும். சார்ஜரைக் குத்தினால்தான் எழும்பும். அந்தச் சார்ஜர் கீழே பெட்டியில் கிடந்து, பெட்டியும் வராமல் போனால் டெல்லியில் வண்டி வெறும் நாற்காலி.

ஜெல் பேட்டரி வண்டி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அதற்கு வாட்-ஹவர் கணக்கு கிடையாது. "நான் ஸ்பில்லபிள்" என்று அச்சிட்டிருந்தால் வண்டியிலேயே இருக்கலாம். இணைப்பைப் பிடுங்கி, தற்செயலாக ஓடாதபடி செய்யவேண்டும். தண்ணீர் ஊற்றுகிற பழைய ஆசிட் பேட்டரியோடு விமானத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது. வண்டியை நிமிர்ந்தபடியே ஏற்றி இறக்க வழியில்லை என்றால் பேட்டரியைக் கழற்றித் தனிப்பெட்டியில் அடைக்கச் சொல்வார்கள். அந்தப் பெட்டியை யார் தேடுவது?

இனி வண்டி உடையாமல் போக. முதலில் உடைவது ஜாய்ஸ்டிக், அதாவது வண்டியை ஓட்டும் குச்சி. ஏற்றுகிறவர்களுக்கு அதுதான் கைப்பிடி மாதிரித் தெரியும். கழற்ற முடிந்தால் கழற்றிக் கையில் வையுங்கள். முடியாவிட்டால் உள்பக்கம் திருப்பி, குமிழ் உறை இரண்டு சுற்று சுற்றி, மேலே அட்டை வைத்துக் கட்டுங்கள். மெத்தை, தலைசாய்ப்பு, பக்கத் தகடு, கால்மிதி என்று கழன்று வரும் எதையும் வண்டியில் விடாதீர்கள்.

இரண்டாவது மோட்டார். கிளட்ச் லீவர் ஓட்டும் நிலையில் இருந்தால் காந்த பிரேக் பிடித்தபடி இருக்கும். அதைத் தரதரவென்று இழுத்தால் கியர் பல் போய்விடும். லீவரை "தள்ளும்" பக்கம் மாற்றிவிட்டு, மடக்கி, வார் போட்டுக் கட்டுங்கள். கட்டாமல் விட்டால் விமானத்துக்குள்ளேயே உருளும். பின்முதுகில் ஒரு தாள்: எங்கே பிடித்துத் தூக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது, லீவர் எது, எடை எவ்வளவு. அம்புக்குறி போட்ட படத்தோடு மலையாளம், ஹிந்தி, ஆங்கிலம் மூன்றிலும் ஒட்டுங்கள். ஏற்றுகிறவர்கள் இங்கே சேட்டன்மார், இறக்குகிறவர்கள் அங்கே ஹிந்திக்காரர்கள்.

மடக்காத பெரிய வண்டி வைத்திருப்போர் சரக்கு வாசலின் உயரத்தைக் கேளுங்கள். 737 ரக விமானத்தில் அது ஏறக்குறைய 85 செ.மீ.தான்; ஏ320இல் 120 செ.மீ. பக்கம் வரும். முதுகு 95 செ.மீ. இருக்கிற வண்டியை 737இல் படுக்கவைத்துத்தான் நுழைப்பார்கள். முதுகுத் தகட்டை நீங்களே மடக்கிக் கொடுத்தால் வண்டி பிழைக்கும்.

ஆரல்வாய்மொழிக் காற்று எழுதியது:

முதல் வரிசை சீட் கேளுங்க. கால் நீட்ட இடம் தாராளம். டாக்டர் சர்டிபிகேட் ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டா எந்தப் பிரச்சினையும் வராது.

தார்த்தளம் எழுதியது:

முதல் வரிசை வேண்டாம், காற்று அண்ணே. அங்கே சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள்ளே இருக்கும், அதனால் கைப்பிடி மேலே எழும்பாது. நடக்க முடியாதவரைப் பக்கவாட்டில் நகர்த்தவே முடியாது. கைப்பிடிக்கு மேலாகத் தூக்கித்தான் போடவேண்டும், அங்கேதான் தோலும் கிழியும், தூக்குபவர் இடுப்பும் பிடிக்கும். மூன்றிலிருந்து ஆறாம் வரிசைக்குள் கேளுங்கள். நடைவழிப் பக்கக் கைப்பிடி அசையாததுபோல் தெரியும். கீல் இருக்கும் இடத்தில் அடிப்பக்கம் விரலால் தடவினால் சின்ன பொத்தான் கிடைக்கும், அமுக்கினால் எழும்பும். ஏறுகிற நேரத்தில் இதைத் தேடிக் கொண்டிருக்கக் கூடாது, விமானப் பணிப்பெண்ணிடம் முதலிலேயே சொல்லுங்கள். சில நிறுவனங்கள் அவசரத்தில் மற்றவர்களுக்கு வழி மறிக்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம்தான் உட்கார வைக்கும். அப்படியானால் மூன்று சீட்டின் கைப்பிடிகளையும் தூக்கிவிட்டு நகர்த்தவேண்டும். தூத்துக்குடி மாதிரி ஏ.டி.ஆர். பறக்கும் ஊர்களில் கதை தலைகீழ்: பயணிகள் வாசல் பின்னால், ஆகவே கடைசி வரிசைகள்தான் பக்கம்.

சர்டிபிகேட் பற்றி. ஊனம் இருக்கிறது என்பதற்காக மட்டும் மருத்துவச் சான்று கேட்க முடியாது. டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்ககம்) விதி, பிரிவு 3, எம் வரிசை, பகுதி 1. அண்மையில் அறுவை சிகிச்சை, ஆக்சிஜன் தேவை, தொற்றுநோய் மாதிரி இருந்தால்தான் மெடிஃப் படிவம், அதாவது டாக்டர் நிரப்பும் உடல்நலப் படிவம். 2022 மே மாதம் ராஞ்சியில் ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவனை ஏற்ற மறுத்த விஷயம் நாடெங்கும் பேசப்பட்டு, நிறுவனத்துக்கு 5 லட்சம் அபராதம் விழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் விதியைத் திருத்தினார்கள். ஊனத்தைக் காரணம் காட்டி ஏற்ற மறுக்கக் கூடாது. பறக்கும்போது உடல்நிலை மோசமாகும் என்று நிறுவனம் கருதினால், விமான நிலையத்தில் டாக்டர் நேரில் பார்த்துச் சொல்லவேண்டும், கவுண்டர்க்காரர் தீர்மானிக்க முடியாது. இந்த விதியின் அச்சுப்படியும் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் போதும். தேவையில்லாத சர்டிபிகேட்டை நீட்டினால் அதில் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மெடிஃப் கேட்கத் தொடங்குவார்கள். அந்த வாசலை நாமே திறந்துவிட வேண்டாம்.

இப்போது முக்கியமானது, குறியீடு. "வீல்சேர் வேணும்" என்று சொன்னால் பெரும்பாலும் டபிள்யூ.சி.ஹெச்.ஆர். என்று போட்டுவிடுவார்கள். அதன் பொருள், இவர் படி ஏறுவார், சீட் வரை நடப்பார், தூரம்தான் முடியாது என்பது. டபிள்யூ.சி.ஹெச்.எஸ். என்றால் படி ஏற முடியாது, உள்ளே நடப்பார். உங்கள் தம்பிக்கு வேண்டியது டபிள்யூ.சி.ஹெச்.சி., சீட் வரை தூக்கிச் செல்லவேண்டியவர். கடைசி எழுத்து மாறினால் அம்புலிஃப்டும் (விமான வாசல் உயரத்துக்குத் தூக்கும் வண்டி) வராது, விமானத்துக்குள் நகர்த்தும் குறுகலான நடைவழி நாற்காலியும் வராது, ஏணிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு தகராறு. கூடவே டபிள்யூ.சி.எல்.பி. என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். லித்தியம் பேட்டரி வண்டி வருகிறது என்பதன் குறி அது.

டிக்கெட் எடுத்த கையோடு கூப்பிடுங்கள். எப்படியும் புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். போனில் சொன்னது போனோடு போகும். அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதுங்கள்: பி.என்.ஆர்., இரண்டு குறியீடுகள், வண்டியின் நீளம், அகலம், உயரம் (விரித்தும் மடக்கியும்), எடை, பேட்டரி வகை, வோல்ட், ஏ.ஹெச்., வாட்-ஹவர், பேட்டரி ஸ்டிக்கரின் படம். பதிலில் "அனுமதிக்கப்பட்டது" என்று ஒரு வரி வரும்வரை விடாதீர்கள். அந்தப் பதிலையும் அச்செடுத்து வையுங்கள், ஏனென்றால் பாதுகாப்புச் சோதனையில் இருப்பவருக்கு 160 வாட்-ஹவருக்கு மேல் கூடாது என்பது மட்டும்தான் மனப்பாடம். வீல்சேருக்கு 300 வரை உண்டு என்பதை அட்டவணையும் அனுமதியும் காட்டித்தான் புரியவைக்க முடியும். பேட்டரி கேபினில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேப்டனுக்கும் தெரிவிக்கவேண்டும். ஏறியதும் பணிப்பெண்ணிடம் சொன்னால் அவர் பார்த்துக்கொள்வார்.

கவுண்டரில் "வண்டியை இங்கேயே கொடுத்துவிடுங்கள், எங்கள் வீல்சேரில் உட்காருங்கள்" என்பார்கள். சம்மதிக்காதீர்கள். அவர்களுடைய இரும்பு நாற்காலியில் மெத்தை கிடையாது, தம்பி தானாக நகரவும் முடியாது. சொந்த வண்டியில் விமான வாசல் வரை போக அனுமதி உண்டு. "வாசலில் ஒப்படைப்பு" என்ற டேக் போடச் சொல்லி, அதில் டெல்லியிலும் வாசலிலேயே தரவேண்டும் என்று குறித்திருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் வண்டி நேரே பெட்டிகள் வரும் பெல்ட்டுக்குப் போய்விடும்.

சோதனையில் வண்டியைத் துணித்துண்டால் துடைத்து வெடிமருந்துத் தடயம் பார்ப்பார்கள். அதற்கு இறங்க வேண்டியதில்லை. ஒருவரைச் சம்மதம் இல்லாமல் தூக்குவது மனிதத்தன்மையற்றது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தனியறையில் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

ஏறுவது முதலில், இறங்குவது கடைசியில். விமான வாசலோடு இணைக்கும் பாலம் (ஏரோபிரிட்ஜ்) இல்லாத இடத்தில் அம்புலிஃப்ட் வரும், பெரும்பாலும் வலது பக்க வாசலில் ஒட்டும். தரையிறங்க அரை மணி நேரம் முன்பு பணிப்பெண்ணிடம் மூன்றையும் திரும்பச் சொல்லுங்கள்: நடைவழி நாற்காலி, லிஃப்ட் அல்லது பாலம், சொந்த வண்டி வாசலுக்கு. விமானியறையிலிருந்து தரைக்குச் சொல்லிவிடலாம். இதைச் செய்யாவிட்டால் எல்லாரும் இறங்கியபிறகுதான் தேட ஆரம்பிப்பார்கள். வண்டி வாசலுக்கு வந்துவிட்டது என்று தெரியும்வரை சீட்டை விட்டு நகராதீர்கள். இறங்கிவிட்டால் அவர்களுக்கு அவசரம் தீர்ந்துவிடும்.

வளைகுடா விமானங்களில் குடியேற்ற வரிசையைத் தாண்டுவதற்காகவே வீல்சேர் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆள் பற்றாக்குறைக்கு அதுவும் ஒரு காரணம். திருவனந்தபுரத்தில் அந்த நேரத்தோடு உங்கள் விமானமும் மோதினால் உதவியாளுக்குக் காத்திருக்க வேண்டிவரும். மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

வார்டு அக்கா எழுதியது:

டி4 என்று எழுதியிருப்பதால் இதை முதலில் சொல்கிறேன். டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்கு மூத்திரப்பை நிரம்பினாலோ மூத்திரக் குழாய் மடங்கினாலோ ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தலை இடிப்பது, முகம் சிவப்பது, காயத்துக்கு மேலே மட்டும் வியர்ப்பது எல்லாம் அடையாளம். இவர்களுக்கு வழக்கமான மேல் அளவே 90, 100, 110 என்றுதான் இருக்கும். அதைவிட 20 முதல் 40 ஏறினாலே ஆபத்து. 140 என்று பார்த்துவிட்டு "கொஞ்சம்தானே கூட" என்று யாரும் விட்டுவிடக் கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, பெல்ட்டு, பேண்ட், சாக்ஸ் எல்லாம் தளர்த்தி, குழாயை மேலிருந்து கீழே வரை பாருங்கள். பை நிரம்பியிருந்தால் காலி செய்யுங்கள். பெரும்பாலும் அதோடு இறங்கும். இறங்காவிட்டால் உடனே பணிப்பெண்ணிடம் சொல்லி, விமானத்தில் டாக்டர் யாராவது இருக்கிறாரா கேட்கச் சொல்லுங்கள். வழக்கமான அழுத்த அளவை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கையடக்கக் கருவியும் இருக்கட்டும்.

மூணேகால் மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். முன்னாலேயே ஏற்றுகிறார்கள், கடைசியில் இறக்குகிறார்கள். கழிப்பறைக்கும் கழிப்பறைக்கும் இடையே ஐந்து மணி நேரம் ஆகும். விமானக் கழிப்பறைக்குள் அவரை உட்காரவைக்க இடம் கிடையாது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டு மூத்திரம் எடுப்பவரானால், அன்றைக்கு மட்டும் வெளியே உறைபோல் மாட்டும் குழாயும் காலில் கட்டும் மூத்திரப் பையுமா, உள்ளே நிற்கும் குழாயா என்று அவருடைய டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள். கால்பை 500 முதல் 750 மி.லி.தான் கொள்ளும்; ஏறுமுன் காலியாக இருக்கவேண்டும். எந்த வகையானாலும் ஒரு வாரம் முன்பே வீட்டில் போட்டுப் பாருங்கள், உறை கழல்கிறதா ஒழுகுகிறதா என்பது வீட்டில் தெரியட்டும். தண்ணீரை நிறுத்திவிட்டுப் போகிற பழக்கம் பலருக்கு உண்டு. வேண்டாம், அடுத்த நாள் தொற்றும் காய்ச்சலும் வரும்.

சொந்த மெத்தையை விமான சீட்டின் மேல் போட்டு உட்காரவையுங்கள். காற்று மெத்தை என்றால் கவனம். கேபின் அழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால்பங்கு வரை இறங்கும், உள்ளே இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும். மெத்தை கல் மாதிரி ஆகி, எலும்பு முனையில் அழுத்தும். மேலே ஏறியதும் கையைக் கீழே விட்டுப் பார்த்து, உட்காரும் எலும்புக்கும் மெத்தையின் அடிப்பக்கத்துக்கும் இடையே ஒரு விரல் கனம் இருக்கிற அளவுக்குக் காற்றை விடுங்கள். இறங்கியதும் திரும்ப ஊதவேண்டும், பம்பை மறந்துவிடாதீர்கள். ஜெல் மெத்தைக்கு இந்தத் தொல்லை இல்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கை ஊன்றி எழும்பவோ பக்கவாட்டில் சாயவோ சொல்லுங்கள். கைபலம் இருப்பதால் அவரே செய்வார்.

தூக்கும்போது இரண்டு பேர். ஒருவர் பின்னாலிருந்து அக்குளுக்குள் கை விட்டு, தம்பியின் முன்கைகளைக் குறுக்காகப் பிடிக்கவேண்டும். இன்னொருவர் முழங்காலுக்குக் கீழே. தோளைப் பிடித்துத் தூக்க விடாதீர்கள். கைப்பிடி தைத்த தூக்குத் துணியை முன்கூட்டியே அடியில் போட்டு வைத்தால் வேலை சுலபம், ஆனால் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு உட்காரவேண்டும். அந்தச் சுருக்கமே புண் ஆகும். ஹோட்டல் போனதும் இடுப்பெலும்பு, குதிகால் இரண்டையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவப்பு அரை மணி நேரத்தில் போகாவிட்டால் அன்றைக்கு அந்த இடத்தில் பாரம் கூடாது.

குழித்துறைப் பாலம் எழுதியது:

நன்றி. அண்ணாச்சி சொன்னதுபோல் கழற்றிப் பார்த்தேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர்: 25.9 வோல்ட், 12 ஏ.ஹெச்., 310 வாட்-ஹவர். பத்துதானே கூடுதல், விடுவார்களா? வண்டி உடைந்தால் யாரைக் கேட்பது?

சார்ஜர் அண்ணாச்சி எழுதியது:

விடமாட்டார்கள், விடக்கூடாதுதான். ஸ்டிக்கரைச் சுரண்டுவது, புதிதாக ஒன்று அடித்து ஒட்டுவது எல்லாம் யோசிக்கவே வேண்டாம். அதே கம்பெனியின் 6 ஏ.ஹெச். பேட்டரி இரண்டு கிடைக்கிறதா கேளுங்கள். 25.9 × 6 = 155.4, 160க்குள் வந்துவிடும். வண்டியில் இரண்டு பேட்டரி வைக்கும் இடம் இருந்தால் இரண்டும் வண்டியுடையவைதான்; பறக்கும்போது இரண்டையும் கழற்றிக் கையோடு. ஒன்றுக்குத்தான் இடம் என்றால் ஒன்று வண்டியுடையது, மற்றது உபரி, அதுவும் விதிக்குள்தான். ஒரு பேட்டரிக்குப் பாதி தூரம்தான் ஓடும், நடுவில் மாற்றிக்கொள்ளவேண்டும், அவ்வளவே. பிளக் ஒன்றுபோல் இருக்கிறது என்று வேறு கம்பெனி பேட்டரியைச் செருகாதீர்கள். மேட்டில் ஏறும்போது அதன் காப்புச் சுற்று வெட்டிவிட்டு வண்டி நடுவழியில் நின்றுவிடும். புது பேட்டரி வந்ததும் நிறுவனத்துக்குப் பழைய மின்னஞ்சலிலேயே திருத்தம் அனுப்புங்கள்.

தார்த்தளம் எழுதியது:

சேதத்துக்கு: கொடுக்கும் முன் நாலு பக்கமும் படம், வண்டி ஓடுகிற பத்து விநாடி வீடியோ. டெல்லியில் வாசலிலேயே பேட்டரி மாட்டி ஓட்டிப் பாருங்கள். கீறல் என்றாலும் வருகைக் கூடத்தை விட்டு வெளியே வருமுன் பி.ஐ.ஆர். என்ற புகார்த்தாள் எழுதி நகல் வாங்குங்கள். வெளியே வந்துவிட்டால் "நீங்களே உடைத்திருப்பீர்கள்" என்பார்கள். உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி படுக்கைக்கான பொறுப்பு 20,000 ரூபாய் என்றுதான் போட்டிருக்கிறார்கள். பேட்டரி வண்டிக்கு அது எந்த மூலைக்கு? அதனால் தனிக் காப்பீடு எடுப்பது புத்தி. வெளிநாட்டுப் பயணம் என்றால் மான்ட்ரியல் ஒப்பந்தம், சேதத்தை 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவேண்டும். நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் ஏர்சேவா என்ற அரசின் புகார்த் தளம், அதற்கும் மேலே 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி தலைமை ஆணையர்.

ஆரல்வாய்மொழிக் காற்று எழுதியது:

சீட் விஷயம் சரிதான், ஒத்துக்கறேன். வழி மட்டும் நான் சொல்றேன். களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியா போனா காலையில பாலராமபுரம் முக்குல மாட்டிக்குவீங்க. காரோடுங்கிற ஊர்லயே பைபாஸ் ஏறிடுங்க. டிக்கெட்ல டெர்மினல் டி1ஆ டி2ஆன்னு பார்த்து டிரைவர்கிட்ட முதல்லயே சொல்லுங்க. டி1 சங்குமுகம் பக்கம், டி2 சாக்கை பக்கம், பைபாஸை ஒட்டி. உள்நாட்டு விமானம்னதும் சிலர் யோசிக்காம சங்குமுகத்துக்கு விட்டுடுவாங்க. தப்பா இறங்கிட்டா ஓடுபாதையைச் சுத்தி ரோட்டு வழியாத்தான் வரணும், தம்பியை ரெண்டாவது தடவை கார்ல ஏத்தி இறக்கணும்.